நடுவில் நிற்பது யார்?

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரை)



போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. அம்பத்தூரில் ஒரு கோயிலுக்கு இளையோர் கூட்டம் நடத்தப் போயிருந்தேன். கூட்டம் முடிந்தும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை. கோயிலுக்குப் பின்னால் கூடைப்பந்து ஆடும் இடத்தில் ஒரே சத்தம். சண்டையோ என்று பயந்து ஓடினேன். சண்டை இல்லை, வாதம். உலகத்திலேயே பெரிய ‘சென்டர்’ யார் என்பதுதான் கேள்வி.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அணிக்கு ஐந்து பேர். அவர்களில் பெரும்பாலும் மிக உயரமானவர் கூடைக்கு அருகே, நடுவில் நிற்பார். அவர்தான் சென்டர். எதிரணி எறியும் பந்தைத் தடுப்பதும், கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதும், இடிபடுவதும் அவர் வேலை.

ஒரு பையன் சொன்னான்: “சேம்பர்லெயின்தான்! 1962-இல் ஒரே ஆட்டத்தில் தனியாளாக 100 புள்ளி எடுத்தார்.” அடுத்தவன் விடவில்லை: “100 எடுத்து என்ன? பில் ரசல் 13 வருஷம் ஆடி 11 கோப்பை ஜெயிச்சார். சேம்பர்லெயினுக்கு ரெண்டுதான்.” மூன்றாமவன் கரீம் அப்துல் ஜப்பாரின் 38,387 புள்ளிகளைக் கொண்டுவந்து வைத்தான். அதுவரை பேசாமலிருந்த ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: “ஏன், நம்ம தெற்கு ரயில்வே கீத்து அன்னா ஜோஸ் சென்டர் இல்லையா?”

அவள் கேட்டது நியாயம்தான். கேரளத்தில் பிறந்து, நம் சென்னையில் ரயில்வே அணிக்காக ஆடியவர் அவர். ஆறடி இரண்டு அங்குல உயரம். ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கே ஒரு கிளப்புக்கு ஆடினார். 2011-இல் அமெரிக்காவின் பெண்கள் லீக்கிலிருந்து மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. அங்கே இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தார், நாட்டுக்காகத் தொடர்ந்து ஆடினார். 2014-இல் அர்ஜுனா விருது பெற்றார்.

“ஃபாதர், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க” என்றார்கள். எனக்கு மாற்கு நற்செய்தி ஒன்பதாம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. சீடர்களும் இதைத்தானே வழியெல்லாம் வாதாடினார்கள்? கப்பர்நாகும் வீட்டுக்கு வந்ததும் இயேசு, என்ன பேசி வந்தீர்கள் என்று கேட்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தங்களுக்குள் யார் பெரியவர் என்று பேசியதை அவர் முன்னால் சொல்ல வெட்கம்.

நான் இதைச் சொல்லத் தொடங்குவதற்குள், ரசல் கட்சிக்காரப் பையன் இன்னொன்று சொன்னான்: “ஃபாதர், அந்த ரெண்டு பேரும் நல்ல சினேகிதங்க. அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல பேசிக்கலை, தெரியுமா?”

எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். உண்மைதான். மைதானத்தில் மோதிக்கொண்ட அந்த இருவரும் வெளியே நண்பர்கள். விழா நாளில் சேம்பர்லெயின் வீட்டில் ரசல் சாப்பிடுவார். அவருடைய கட்டிலிலேயே படுத்துத் தூங்குவார். 1969 மே 5 அன்று இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம். கடைசி நிமிடங்களில் சேம்பர்லெயினுக்கு முழங்காலில் அடிபட்டது; வெளியே வந்தார். மறுபடி இறங்கக் கேட்டும் பயிற்சியாளர் விடவில்லை. ரசலின் அணி 108-க்கு 106 என்று இரண்டே புள்ளியில் வென்றது. அது ரசலின் கடைசி ஆட்டம்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் கொஞ்ச நாளில், மாணவர்களிடையே பேசும்போது, சேம்பர்லெயின் நழுவிக்கொண்டார் என்ற பொருளில் ரசல் ஒரு வார்த்தை விட்டார். 11 கோப்பை வென்றவருக்கு அந்த வார்த்தை தேவையா? அந்த ஒரு வார்த்தை இருபது ஆண்டு நட்பைத் தின்றது. பிறகு ரசலே மன்னிப்புக் கேட்டார், மறுபடி நண்பர்களானார்கள். 1999-இல் சேம்பர்லெயின் இறந்தபோது, அவருடைய அஞ்சலிக் கூட்டத்தில் ரசல் நின்று பேசினார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குருமடத்தில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் உண்டு. நன்றாகப் பிரசங்கம் செய்வார். ஒருமுறை நாலு பேர் அவரைப் புகழ்ந்தபோது, “கைதட்டலுக்காகப் பேசுகிறவர்” என்று சொல்லிவிட்டேன். அது அவர் காதுக்குப் போயிற்று. அவர் இருப்பது பூந்தமல்லிப் பக்கம். ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். ஆறு ஆண்டுகள் நான் ஏறவில்லை. மன்னிப்பைப் பற்றி ஆறு தவக்காலம் பிரசங்கம் மட்டும் செய்தேன்.

மறுநாள் திருப்பலி முடிந்ததும் போன் செய்தேன். “நான் சொன்னது தப்பு, மன்னிச்சிடு” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “மத்தியானம் சாப்பிட வர்றியா?” என்றார்.

அன்பானவர்களே, சீடர்களின் வாதத்துக்கு இயேசு தந்த தீர்ப்பு என்ன? முதல்வனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் பின்னால் நிற்கட்டும், பணிவிடை செய்யட்டும் என்றார். பிறகு ஒரு சிறு பிள்ளையை எடுத்து நடுவில் நிறுத்தினார். கவனியுங்கள், நடுவில்! அன்று மைதானத்திலும் ஒரு சிறுவன் இருந்தான். பந்து வெளியே உருண்டபோதெல்லாம் ஓடி எடுத்து வந்தவன் அவன்தான். அவன் எந்தக் கட்சி என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

விளையாட்டில் யார் பெரியவர் என்று பேசுவது பாவமல்ல; பேசுங்கள், ரசியுங்கள். ஆனால் நாம் பெரியவராக இன்னொருவரைச் சிறியவராக்கும் வார்த்தைதான் ஆபத்து. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு பார்க்கும் அண்ணனும் ஆவடியில் வீடு கட்டிய தம்பியும் பேசுவதில்லை. திருவிழா நோட்டீசில் பெயர் முதலில் வரவில்லை என்று ஒருவர் அன்பியத்துக்கே வருவதில்லை. கிளறிப் பார்த்தால் அடியில் ஒரு வார்த்தைதான் கிடக்கும்.

இந்த வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் விட்ட வார்த்தை யார் மனதில் கிடக்கிறது என்று யோசியுங்கள். அவர் கூப்பிடட்டும் என்று காத்திராதீர்கள். அஞ்சலிக் கூட்டத்தில் பேசும் நல்ல வார்த்தையை அவர் கேட்க முடியாது. இன்று பேசினால் கேட்பார்.

இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.