முதலில் எதைச் சொல்வது?



இந்தப் பள்ளியில் நாங்கள் தந்தி எழுதப் பழகினோம். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்று ஆசிரியை வெட்டிக்கொண்டே போவார். அதன் அருமையை வைத்தியர்களாகிப் புல்மோட்டைக்குப் போன பிறகே உணர்ந்தோம்.

1942 ஏப்ரல் 4. கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினா விமானத்தின் தலைவர், கனடாவைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சல், இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார். கையில் ஒரு வானொலிக் கருவி, சில நிமிடங்கள், அவ்வளவுதான். செய்தியை மூன்று முறை அனுப்புவது வழக்கம். மூன்றாம் முறை அனுப்பும்போது கருவி நொறுங்கியது. விமானம் கடலில் வீழ்ந்தது. செய்தி கரை சேர்ந்திருந்தது. மறுநாள் கொழும்பும் 9ஆம் திகதி நமது திருகோணமலையும் தாக்கப்பட்டன. ஆனால் எச்சரிக்கை முந்திக்கொண்டது. செய்தி சுருக்கமாக இருந்ததால்தான் திரும்பச் சொல்ல நேரம் கிடைத்தது.

படைகளின் தொடர்பு வழி எப்போதும் ஒடுக்கமானது. மோர்ஸ் முறையில், ஆங்கிலத்தில் அதிகம் வரும் ‘ஈ’ எழுத்துக்கு ஒரே புள்ளி. செய்திகளையும் மின்னல், உடனடி, முன்னுரிமை, வழமை என நான்காகப் பிரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் ‘மின்னல்’ என்று முத்திரையிட்டால் எதுவும் முந்தாது.

வைத்தியத்திலும் இதே வரிசைதான். 2009இல் புதுமாத்தளனிலிருந்து காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைக் கப்பல் புல்மோட்டையில் இறக்கியது. இந்திய மருத்துவக் குழு அங்கே கள வைத்தியசாலை நடத்தியது. அப்படி வருவோரில் யாரை முதலில் பார்ப்பது என்பதே முதல் கேள்வி.

எங்கள் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மழை இரவில், பிரசவித்த தாயொருவருக்காகப் பெரிய வைத்தியசாலையை அழைத்தோம். தொலைபேசி விட்டுவிட்டுக் கேட்டது. பெயர், வயது, எத்தனையாவது பிள்ளை என்று வரிசையாகச் சொன்னோம். ‘இரத்தம் நிற்கவில்லை’ என்பதற்கு வருமுன் தொடர்பு அறுந்தது. மீண்டும் கிடைக்க இருபது நிமிடங்கள். தாய் பிழைத்தார், அந்த நிமிடங்களை நாங்கள் மறக்கவில்லை.

அடுத்த நாளே தொலைபேசியருகே ஒரு தாளை ஒட்டினோம்: ஆபத்து என்ன, என்ன உதவி வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொன்னாரா. மற்றவை பிறகு.

சகோதரிகளே, நமது வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கங்களுக்கு நடுவே ஒரு தோழியின் ‘இரத்தம் தேவை’ புதைந்துபோகாமல் பார்த்துக்கொள்வோம். அந்த ஆசிரியையின் சிவப்புப் பேனா இன்னும் நமக்குத் தேவை.