எம்மாவு மேசையில் இருவர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. பாஸ்கா காலத்தின் மூன்றாம் ஞாயிறு. நற்செய்தி: லூக்கா 24:13-35)



உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் நம் நெய்வேலியில் வீடுதோறும் அழைப்பிதழ்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. தவக்காலத்துக்காகத் தள்ளிவைத்த திருமணங்கள், பிள்ளைகளின் புதுநன்மை, உறுதிபூசுதல், ஒரு வீட்டில் திருமண வெள்ளிவிழா, இன்னொரு வீட்டில் பேரக்குழந்தைக்கு ஞானஸ்நானம், மாதக் கடைசி என்றால் பணி ஓய்வுப் பாராட்டு. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே தலைகாட்டுகிறோம். பண்ருட்டிப் பலாப்பழ வாசனை பஜார் வரைக்கும் வந்து நம்மைக் கூப்பிடுகிறது.

இந்தக் கோடை மாலைகளில் ஆர்ச் கேட் பக்கமோ மெயின் பஜார் பக்கமோ உள்ள உணவகங்களில் ஒரு காட்சியை நாம் எல்லாருமே பார்த்திருப்போம். ஓய்வு வயதை நெருங்கிய ஒரு கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். திருமண நாளாக இருக்கலாம். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறார்கள். காலையிலேயே போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். இரண்டு நெய் ரோஸ்ட் சொல்லியாயிற்று. தோசை வரும் வரைக்கும் பேச ஒன்றுமில்லை. அவர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா பக்கத்து மேசைக் குழந்தையை வேடிக்கை பார்க்கிறார்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இது எப்படி வந்தது என்று நமக்குத் தெரியும். 1956-இல் நிறுவனம் தொடங்கி, 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்த நாளிலிருந்து இது ஷிப்ட் ஊர். அவர் இரவு வேலை முடிந்து வந்து படுக்கும்போது பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவார்கள். அவர் எழும்போது சோறு மேசைமேல் மூடி வைத்திருக்கும். மனைவியும் வேலைக்குப் போகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம். முப்பது ஆண்டுகளாக எத்தனையோ வீடுகளில் கணவனும் மனைவியும் பேசிக்கொண்டதில் பாதி, பிள்ளைகளின் கட்டணம், கேஸ் சிலிண்டர், ஊரில் உள்ள பெரியவர்களின் உடல்நிலை ஆகியவைதாம். பிள்ளைகள் போன பிறகு அந்தப் பேச்சுக்கும் வேலை இல்லாமல் போய்விடுகிறது.

திருமணம் என்றாலே மறையுரையில் கானா ஊருக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். இன்று நற்செய்தியோடு எம்மாவுக்குப் போவோம்.

எருசலேமிலிருந்து ஏறக்குறைய 11 கிலோமீட்டர். இரண்டு பேர் நடக்கிறார்கள். ஒருவர் பெயர் கிளயோப்பா. மற்றவர் பெயரை லூக்கா சொல்லவில்லை. யோவான் நற்செய்தியில் சிலுவையடியில் நின்ற பெண்களுள் குளோப்பாவின் மனைவி மரியா என்று ஒருவர் வருகிறார். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று கொண்டு, எம்மாவு வழியில் நடந்தவர்கள் கணவனும் மனைவியுமாக இருக்கலாம் என்று கருதும் விவிலிய அறிஞர்கள் உண்டு. உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அப்படி நினைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இருவரும் ஒரே வீட்டுக்குப் போகிறார்கள், வந்தவரை உள்ளே அழைக்கிறார்கள், மேசையில் உணவு வைக்கிறார்கள். நம் வீடுகளில் நடப்பதுபோலவே இருக்கும்.

அவர்கள் மகிழ்ச்சியாக நடக்கவில்லை. நம்பியிருந்தது நடக்கவில்லை என்ற ஏமாற்றத்தோடு நடக்கிறார்கள். ஆனால் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். உயிர்த்த ஆண்டவர் அவர்களோடு சேர்ந்துகொண்டதும் முதலில் என்ன செய்கிறார்? போதிக்கவில்லை. என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்கிறார். நடந்தது எல்லாம் அவருக்கே நடந்தது. இருந்தும் ஒன்றும் தெரியாதவர்போல அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்கிறார். பிறகுதான் மறைநூலை விளக்குகிறார். நம்மில் எத்தனை பேர், மனைவி சொல்ல வாயெடுத்ததுமே, “தெரியும், தெரியும்” என்று சொல்லிவிடுகிறோம்!

நம் சுரங்கத்தைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே இயந்திரம் நிற்கவும் நிலக்கரி வெட்டவும் முடியும். திருவிழா நாள் என்று பம்புகளுக்கு விடுமுறை கிடையாது. வீட்டிலும் அடியில் ஏதோ அழுத்திக்கொண்டிருக்கிறது. மகளின் திருமணச் செலவில் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை, மாமியார் இறந்தபோது நடந்த ஒன்று. அது ஒரே நாளில் தீராது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசித்தான் இறங்கும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் ‘அன்பின் மகிழ்வு’ என்ற திருத்தூது ஊக்கவுரையை எழுதினார். அதன் 226-ஆம் பத்தியைப் படித்தால், உரோமையிலிருந்து எழுதியதா, நம் பக்கத்து பிளாக்கிலிருந்து எழுதியதா என்று தோன்றும். காலையில் ஒரு முத்தம், இரவில் ஒருவரையொருவர் ஆசீர்வதிப்பது, வருகிறவருக்காகக் காத்திருந்து வரவேற்பது, எப்போதாவது இருவருமாக வெளியே போவது, வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வது, திருமண நாள் போன்றவற்றைக் கொண்டாடுவது. இவற்றையெல்லாம் நல்லவை என்கிறார். ஆகவே இரண்டு பேரும் தோசை சாப்பிடப் போவதற்குத் திருத்தந்தையின் அனுமதியே இருக்கிறது. ‘எதற்கு வீண்செலவு’ என்று சொல்லும் ஐயாமார்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் செலவு என்பது எல்லாருக்கும் ஒன்றல்ல. நிரந்தரப் பணியாளர் வீட்டில் வெளியே சாப்பிடுவது ஒரு மாலைப் பொழுது. ஒப்பந்தத் தொழிலாளி வீட்டில் அது இரண்டு நாள் சமையல். அவர்களுக்கு வெள்ளி கடற்கரை மணலில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுபோன புளிச்சோறு போதும். எம்மாவு மேசையிலும் நற்செய்தி சொல்வது அப்பம் ஒன்றைத்தான். அதை எடுத்து, ஆசி கூறி, பிட்டுக் கொடுத்தபோது கண்கள் திறந்தன. கையில் கிடைத்த உணவுக்கு முன்னால் ஒரு சிலுவை அடையாளம் வரைய, உணவகம் என்றால் நாம் ஏன் கூச்சப்படுகிறோம்?

எதிரே நாற்காலி காலியாகிவிட்டவர்களையும் நினைக்கிறோம். 2020-இல் மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்துகளை இந்த ஊர் மறக்கவில்லை. வழக்கம்போல வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். காலையில் கிளம்பும்போது கடைசியாக என்ன பேசினோம் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிற பெண்கள் இருப்பார்கள். இந்தக் கோடையில் உங்கள் வீட்டு விருந்துக்கு ஆள் எண்ணும்போது, அப்படி ஒரு சகோதரியையும் அவர் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணுங்கள். அந்நியராக வந்தவரை வற்புறுத்தி உள்ளே அழைத்ததால்தான் அந்த இருவரும் ஆண்டவரைக் கண்டார்கள். அழைக்காமல் விட்டிருந்தால் அவர் தம் வழியே போயிருப்பார். போகிறவர்போலக் காட்டிக்கொண்டார் என்றுதான் லூக்கா எழுதுகிறார்.

அடுத்து நடந்ததையும் கவனியுங்கள். உணவை முடித்தார்களா என்று லூக்கா சொல்லவில்லை. அந்த நேரமே எழுந்து, வந்த வழியே எருசலேமுக்குத் திரும்புகிறார்கள். வரும்போது பொழுது சாய்கிறதே என்று கவலைப்பட்டவர்கள், போகும்போது இருட்டைப் பொருட்படுத்தவில்லை.

இதை இன்று பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர்கள் பொன்னாடையும் மாலையுமாக வீடு வந்து சேர்வார்கள். சில மாதங்களில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் தவழ்ந்த வீடு. கைக்குழந்தையோடு குடிவந்தபோது நட்ட மாமரம் இந்த வெயிலிலும் காய்த்துத் தொங்குகிறது. அதை எடுத்துப்போக முடியாது. சிலர் வடக்குத்திலோ இந்திரா நகரிலோ கட்டிய வீட்டுக்குப் போவார்கள், சிலர் சொந்த ஊருக்கு, சிலர் மகன் வீட்டு ஓர் அறைக்கு. நமக்கு முன்னே இந்த மண்ணில் உழுது வாழ்ந்து, சுரங்கத்துக்காகத் தங்கள் நிலத்தையும் வீட்டையும் விட்டுப்போன கிராமத்து மக்களும் இப்படித்தான் ஒரு நாள் தங்கள் மரங்களைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவர்களை நன்றியோடு நினைக்க இது நல்ல நேரம். புது வீட்டில் ஷிப்ட் கிடையாது. நாள் முழுக்க இரண்டு பேர் மட்டும்.

இன்றைய திருப்பலியில், சாவியை ஒப்படைக்கக் காத்திருக்கும் நம் பங்குத் தம்பதியர் அனைவருக்காகவும் மன்றாடுவோம். இன்று மாலை வெயில் தாழ்ந்ததும் அவர்கள் தம் வீட்டு மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரட்டும். அவர், “என்ன யோசிக்கிறே?” என்று கேட்கட்டும். கேட்டுவிட்டு, அந்த அம்மா சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கட்டும்.