மரத்தில் ஒரு நகராட்சி அலுவலகம்: 25 வருஷம் காப்பாற்றப்பட்ட ஒரு தீர்மானம்

(நம்ம தன்னார்வலர்கள் கூட்டத்தில் பேசியதை எழுத்தில் கேட்டிருந்தீங்க. இதோ.)



நான் சிவில் இன்ஜினியரிங் படிச்சவன். நாலு வருஷத்துல சிமெண்ட், கம்பி, கான்கிரீட் பத்தி நிறைய படிச்சோம். மரம்னா கதவு, ஜன்னல், சென்ட்ரிங் பலகை. அவ்வளவுதான். அதனால ஒரு நகராட்சித் தலைமை அலுவலகத்தையே மரத்துல கட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சப்போ முதல்ல நம்பல.

ஊர் பேரு வெக்ஷோ. தெற்கு சுவீடன். சுத்தியிருக்கிற கிராமங்களையும் சேர்த்தா சுமார் ஒரு லட்சம் பேர். 2021ல அங்க ரயில் நிலையத்தையும் நகராட்சி அலுவலகத்தையும் ஒரே கட்டடமா திறந்தாங்க. கீழே ரயிலுக்குக் காத்திருக்கிற ஜனம். மேலே நகராட்சி ஊழியர்கள். கட்டடத்தைத் தாங்குற சட்டகம் மரம்.

கேட்டதும் எல்லாருக்கும் வர்ற முதல் கேள்வி: "தீப்பிடிச்சா?"

நியாயமான கேள்விதான். அந்த நாடே அதுக்குப் பயந்திருக்கு. 1888 ஜூன் 25, ஒரே நாள்ல சுண்ட்ஸ்வால், உமேயோன்னு ரெண்டு சுவீடன் நகரங்கள் எரிஞ்சு போச்சு. ரெண்டு மாடிக்கு மேல மரத்துல கட்டக் கூடாதுங்கிற தடை 1994 வரைக்கும் இருந்துச்சு.

அப்புறம் என்ன மாறிச்சு? மரத்தைப் பயன்படுத்துற விதம் மாறிச்சு. பலகைகளை ஒண்ணுக்கொண்ணு குறுக்கா அடுக்கி, ஒட்டி, அழுத்திப் பெரிய தகடா ஆக்குறாங்க. நம்ம பிளைவுட் மாதிரிதான், ஆனா ஒவ்வொரு அடுக்கும் முழுப் பலகை கனம். இதுக்குப் பேரு கிராஸ் லேமினேட்டட் டிம்பர். இந்த மாதிரி கனமான மரம் குச்சி மாதிரி சட்டுனு எரியாது. வெளிப்பக்கம் கரியாகும், அந்தக் கரியே உள்ளே இருக்கிற மரத்தைக் காப்பாத்தும். நிமிஷத்துக்கு சுமார் 0.7 மில்லிமீட்டர்தான் கரியும். ஒரு மணி நேரத்துக்கு நாலு சென்டிமீட்டர்னு வைங்க. டிசைன் பண்ற இன்ஜினியர் அந்தக் கனத்தைக் கூடுதலா முன்கூட்டியே சேர்த்துடுவார்.

சரி, எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

உலகத்துல வெளியாகிற கார்பன் டை ஆக்சைடுல 7, 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்புல இருந்து வருது. மரம் வளரும்போது கார்பனை உள்ளே இழுக்குது. ஒரு கன மீட்டர் ஸ்ப்ரூஸ் மரத்துக்குள்ள சுமார் முக்கால் டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான கார்பன் இருக்கு. கட்டடம் நிக்கிற வரைக்கும் அது அங்கேயே இருக்கும். எடையும் கம்மி. கான்கிரீட் ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. ஸ்ப்ரூஸ் சுமார் 450 கிலோதான்.

"அப்போ காட்டை வெட்டுறது சுற்றுச்சூழலா?"ன்னு ஒருத்தர் கேட்டார். அருமையான கேள்வி. சுவீடன்ல வெட்டினா திரும்ப வளர்க்கணும்னு 1903லேயே சட்டம் வந்தாச்சு. அதுக்காக எல்லாம் சரின்னு சொல்ல மாட்டேன். ஒரே வகை மரத்தை வரிசையா நட்டு, மொத்தமா வெட்டுறதை அங்க இருக்கிற சூழலியலாளர்களே கண்டிக்கிறாங்க. 2005 ஜனவரியில குட்ரூன் புயல் தெற்கு சுவீடன்ல சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்ச்சது. விழுந்ததுல பெரும்பகுதி ஸ்ப்ரூஸ். மரம் எந்தக் காட்டுல இருந்து, எப்படி வருதுன்னு கேட்காம "பசுமைக் கட்டடம்"னு போர்டு மாட்டினா அது ஏமாத்து வேலை.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இது கட்டடக்கலை இல்ல, அரசியல்.

1996ல வெக்ஷோ நகராட்சி மன்றத்துல ஒரு தீர்மானம் போட்டாங்க: படிம எரிபொருள் இல்லாத ஊரா மாறணும். எல்லாக் கட்சியும் ஒருமனதா ஓட்டுப் போட்டுச்சு. அப்புறம் மரக்கட்டுமானத்துக்குத் தனித் திட்டம் போட்டாங்க. 2020க்குள்ள நகராட்சி கட்டுற புதுக் கட்டடங்கள்ல பாதி மரத்துல இருக்கணும்னு இலக்கு வச்சாங்க. 2009ல லிம்னோலோகென்னு எட்டு மாடிக் குடியிருப்புகள் முடிஞ்சுது. அதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் தங்களோட சொந்த ஆபீஸை மரத்துல கட்டினாங்க. தீர்மானத்துல இருந்து திறப்பு விழா வரைக்கும் 25 வருஷம்!

இந்த 25 வருஷத்துல எத்தனை தேர்தல் வந்திருக்கும்? "இது அவங்க திட்டம், நமக்கு வேணாம்"னு யாராவது ஃபைலை மூடியிருந்தா இந்தக் கட்டடமே கிடையாது.

அதோட, யாரும் வாங்காத பொருளுக்கு ஃபேக்டரி வராது, ஃபேக்டரி இல்லாம விலை குறையாது. முதல் வாடிக்கையாளரா அரசாங்கம் நின்னாதான் தொழிலாளி பழகுவான், இன்ஜினியர் கத்துக்குவான். வெக்ஷோ நகராட்சி அப்படித்தான் நின்னுச்சு.

நம்ம நாட்டுக்கு வருவோம். மத்தியப் பொதுப்பணித்துறை தன் கட்டடங்கள்ல மரம் பயன்படுத்த 1993ல தடை போட்டுச்சு. காட்டைக் காப்பாத்தணும்ங்கிற நல்ல நோக்கம்தான். 2020ல தடையை எடுத்தாங்க. கதவு திறந்தாச்சு. ஆனா சுவீடனை அப்படியே காப்பி அடிக்கச் சொல்லல. நமக்கு வெயில் வேற, மழை வேற, கரையான் தொல்லை வேற. நம்ம காடு அவங்க காடும் இல்ல.

நான் கேட்கிறது ஒண்ணுதான். அடுத்த தடவை உங்க ஊர்ல தாலுகா ஆபீஸோ, நகராட்சி ஆபீஸோ கட்டினா, திறப்பு விழா போட்டோவோட நிக்காதீங்க. எந்தப் பொருள்ல கட்டினாங்க, எங்கிருந்து வந்துச்சு, 50 வருஷம் கழிச்சு அது என்னவாகும்னு கேளுங்க. ஆட்சியில நாம இருந்தாலும் கேளுங்க, அடுத்தவங்க இருந்தாலும் கேளுங்க. நல்ல திட்டத்தை அவங்க தொடங்கியிருந்தா, அதை முடிச்சு வைக்கிற மனசும் நமக்கு வேணும்.



#மக்கள்பணம் #மரக்கட்டடம்