ஏடு என்ன சொல்கிறது?



குற்றாலம் என்றதும் தென்காசிக்காரர்களாகிய எங்களுக்கு அருவியோடு ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் நினைவும் கூடவே வரும். 1954-இல் மறையும் வரை அங்கே அவருடைய இல்லம் கம்பன் சபையாகவே விளங்கிற்று. சுவையையே உரைகல்லாகக் கொண்டு, கம்பராமாயணத்தில் பல செய்யுட்களை இடைச்செருகல் என்று அவர் தள்ளினார்.

நானும் அவ்வழியில் மயங்கியவன்தான். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு நாள், "இச்செய்யுளில் சுவை இல்லை, ஆகவே இது கம்பன் வாக்கு அன்று" என்று வகுப்பில் தீர்ப்புக் கூறிவிட்டேன். ஒரு மாணவன் எழுந்து, "ஏடுகளில் இச்செய்யுள் இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. அந்தக் கேள்வியே என்னை எஸ். வையாபுரிப் பிள்ளையின் நூல்களிடம் கொண்டு சேர்த்தது.

பிள்ளையவர்கள் 1891-இல் நெல்லைச் சீமையில் பிறந்தவர், வழக்கறிஞராக இருந்தவர். சாட்சியம் இன்றித் தீர்ப்பு இல்லை என்பதை நீதிமன்றத்தில் கற்று, அதனைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். 1926-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியரானார். 1936-இல் ஆறு தொகுதிகளும் நிறைவெய்தின. அவற்றில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் அடங்கின. பின்னர் 1946 வரை அப்பல்கலைக்கழகத்தின் தமிழ் ஆராய்ச்சித் துறைக்குத் தலைமை வகித்தார். 1956-இல் மறைந்தார்.

ஏடுகளை ஒப்புநோக்குவது எவ்வாறு? ஓலையில் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும். எழுதுவோர் பிழைபடுவது இயல்பு. ஒரு முறை பத்து மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதச் செய்தேன். மூன்றாமவன் விட்ட சொல் அவனுக்குப் பின் எழுதியவர் எவரிடத்தும் இல்லை. பொதுப் பிழையைக் கொண்டு எந்தப் படி எதிலிருந்து பிறந்தது என்று காணலாம். ஜெர்மனியில் கார்ல் லாக்மன் (1793–1851) என்னும் பெர்லின் பேராசிரியர் இலத்தீன் கவி லுக்ரீஷியஸின் நூலை 1850-இல் பதிப்பித்தபோது இவ்வகை ஆராய்ச்சியால், மறைந்துபோன மூல ஏட்டில் பக்கத்துக்கு 26 வரிகள் இருந்தன என்றுகூடக் கணித்தார்!

வையாபுரிப் பிள்ளை பல தமிழ் நூல்களின் காலத்தைப் பிற்பட்டதாகக் கூறினார். அதற்காகத் தமிழ்ப் பகைவர் என்றும் ஏசப்பட்டார். அவருடைய முடிவுகளுள் பல இன்றும் விவாதத்துக்கு உரியனவே. ஆயினும் அவற்றை மறுக்க வேண்டியது சான்றினால், வசையினால் அன்று. தொன்மை என்பது நாம் விரும்பி அளிக்கும் பரிசு ஆகாது.

ரசிகமணி பாட்டைச் சுவைக்கக் கற்பித்தார்; பிள்ளையவர்கள் அதனைச் சோதிக்கக் கற்பித்தார். இரண்டும் நமக்கு வேண்டும். ஆனால், "இது கவியின் வாக்குத்தானா?" என்ற கேள்வி எழும்போது முதலில் ஏட்டைப் பாருங்கள். ஆசிரியர் சொல்லிவிட்டார் என்று அடங்கிவிடாதீர்கள். அன்று எழுந்து நின்ற அந்த மாணவனுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.