ஒரே மொழி, வேறு தெரு



1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தன. திருவனந்தபுரத்தில் எஞ்சிய நாம் மேலும் சிறிய சிறுபான்மையினர் ஆனோம். அரசியலமைப்பின் 350-அ பிரிவு, தொடக்கப்பள்ளியில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. அதனைக் காட்டி நாம் மனுச் செய்வது முறையே.

ஆயினும் 'நாம்' என்னும்போது வலியசாலை அக்கிரகாரத்தையே எண்ணுகிறோம். சிறிது தூரம் நடந்தால் சாலைக் கடைத்தெரு. அங்கே மூட்டை சுமப்போரிலும் தமிழர் உளர். 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளிவரும்வரை, தமிழருள் தாழ்த்தப்பட்டோர் நம் காந்தளூர் மகாதேவர் கோயிலுள் புக இயலாது. நம் முன்னோர்க்குத் தடையில்லை. இன்று நம்மைப் 'பாண்டி' என்று எவரேனும் ஏளனஞ் செய்தால் மனம் கொதிக்கிறது. (அந்தச் சொல்லுக்கு மட்டும் அவர்களும் நாமும் ஒன்றே!)

தமிழ் வகுப்பு மூடப்பட்டால் நம் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போவர். பலர் போயும் விட்டனர். சுமைதூக்குவோர் பிள்ளைக்கு அவ்வழி எளிதன்று. அவர்கள் வாழ்வை எழுதியவர் அத்தெருவிலேயே கடை நடத்திய ஆ. மாதவன். நம் சங்கத்து உறுப்பினர் ஏட்டிலோ அத்தெருவார் ஒருவரும் இலர்.

ஆகவே, அடுத்த மனுவுக்குக் கையொப்பம் பெற முதலில் சாலைக்குச் செல்வோம். அவர்கள் பெயர்கள் மேலே இருக்கட்டும். நம் பெயர்களைக் கீழே எழுதுவோம்.