குதிரைவாலியும் குடலின் காவலும்



உழவர் கூட்டத்தில் புற்றுநோயைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். அந்நோய்க்கும் நமது கரிசல் காட்டுத் தானியத்திற்கும் தொடர்பு உண்டு; ஆகையால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தொழு உரத்தை மக்கச் செய்து பயிருக்கு ஊட்டுவதைத் தாங்கள் அறிவீர்கள். நமது பெருங்குடலிலும் அவ்வாறே கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நம்மால் ஜீரணிக்க இயலாத நார்ச்சத்தே அவற்றிற்கு எரு. அதைப் புளிக்கச் செய்து, பியூட்டிரேட் என்னும் பொருளை அவை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவருக்கு அதுவே முக்கிய ஆகாரம். அழற்சியையும் அது தணிக்கிறது.

2015-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அமெரிக்கக் கறுப்பின மக்கள் 20 பேரும், தென்னாப்பிரிக்கக் கிராமவாசிகள் 20 பேரும் இரண்டு வாரங்களுக்குத் தங்கள் உணவை மாற்றிக்கொண்டனர். கிராமத்து நார் உணவை உண்ட அமெரிக்கர்களின் குடலில் அழற்சி குறைந்தது, பியூட்டிரேட் பெருகியது. மாமிசமும் கொழுப்பும் மிகுந்த உணவிற்கு மாறிய கிராமவாசிகளுக்கு நேர்மாறாயிற்று. பதினான்கே நாட்களில்! எவருக்கும் நோய் வந்துவிடவில்லை. நோய்க்கு இடங்கொடுக்கும் குறிகளே மாறின.

நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து பெற்ற தோல் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து, 2021-இல் மற்றொரு செய்தி கூறினர். நாள்தோறும் 20 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து உண்டவர்களுக்கு நோய் நீண்ட காலம் அடங்கியிருந்தது. அவர்களிலும், கடையில் விற்கும் 'நல்ல கிருமி' மாத்திரைகளை விழுங்காதவர்களே மேலான நிலையில் இருந்தனர். இது முடிந்த முடிபன்று. எனினும் காசு கொடுத்து மாத்திரை வாங்குவோர் சற்று யோசிக்கலாம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் மானாவாரியாகக் குதிரைவாலியும் கம்பும் சோளமும் விளைகின்றன. விளைவித்தவர் வீட்டு உலையிலோ பெரும்பாலும் தீட்டிய வெள்ளரிசியே கொதிக்கிறது! குதிரைவாலியையும் வெள்ளை வெளேரெனத் தீட்டிவிட்டால் பயன் என்ன? உமியை நீக்கித் தவிட்டை விட்டுவைக்க வேண்டும். தவிடுள்ள அரிசி விரைவில் சிக்கு வாடை அடிக்கும் என்பது மெய்யே. ஆகவே தானியத்தை உமியோடு இருப்பு வைத்து, பத்துப் பதினைந்து நாளுக்கு வேண்டியதை மட்டும் உடைத்துக்கொள்வது உத்தமம். இதற்கு ஊருக்கு அருகிலேயே ஒரு சிறு உமி நீக்கும் இயந்திரம் தேவை. பஞ்சாயத்தும் மகளிர் குழுக்களும் சேர்ந்து முயன்றால் இயலாத காரியமன்று.

ஒன்றை அழுத்திச் சொல்வேன். குதிரைவாலி புற்றுநோய்க்கு மருந்தல்ல. அப்படிச் சொல்லி விற்பவரை நம்பவேண்டாம். மலத்தில் இரத்தம், காரணமற்ற உடல் இளைப்பு, விழுங்குவதில் சிரமம் ஆகியவை கண்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அவர்கள் அனுப்பும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றிச் செல்லுங்கள்.