சிறிய பலகையில் தெரியும் பெரிய கவனம்

கிராபிக்ஸ் கார்டு என்றதும் மூன்று ஃபேன், வண்ண விளக்கு என்று விலை உயர்ந்ததைத்தான் பலரும் ரசிக்கிறார்கள். எனக்கு மலிவு விலைக் கார்டைக் கழற்றிப் பார்ப்பதில்தான் ஆர்வம். கை தாராளமாக இல்லாத இடத்தில்தான், வடிவமைத்தவர் எதைக் காப்பாற்றினார், எதை விட்டுக்கொடுத்தார் என்பது பளிச்சென்று தெரியும்.

2014 பிப்ரவரியில் என்விடியா வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டைப் பாருங்கள். அமெரிக்காவில் அதன் அறிமுக விலை 149 டாலர். என்விடியாவே வடிவமைத்த மூலப் பலகை ஏறக்குறைய 14.5 சென்டிமீட்டர் நீளம், ஒரு சாண் கூட இல்லை. மேலே வட்டமான அலுமினிய ஹீட் சிங்க், அதன் நடுவில் ஒரே ஒரு சின்ன ஃபேன். வெப்பம் கடத்தும் செம்புக் குழாய் கிடையாது. ஹீட் சிங்கைக் கழற்றினால் 148 சதுர மில்லிமீட்டர் சிப் ஒன்றும், சுற்றி நான்கு மெமரி சிப்களும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 32 பிட் வழி, ஆக மொத்தம் 128 பிட்.

பலகையின் ஓரத்தில் ஆறு முனை பவர் கனெக்டருக்கு இடம் விட்டிருக்கிறார்கள், ஆனால் கனெக்டரைப் பொருத்தவில்லை. அந்தக் காலியிடம்தான் இந்தக் கார்டின் அழகு என்பேன். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும். இந்தக் கார்டுக்கு 60 வாட் போதும். அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டரிலும், தனி ஒயர் இல்லாத சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸிலும் இது ஓடியது. புது எஸ்எம்பிஎஸ் வாங்கும் செலவு மிச்சமானது.

இந்தச் சிக்கனம் சிப்புக்குள்ளேயே தொடங்குகிறது. முந்தைய தலைமுறையில் இதற்கு ஈடான சிப்பில் எல்2 கேச் 256 கேபி. இதில் 2 எம்பி. அடிக்கடி தேவைப்படும் தரவு சிப்புக்குள்ளேயே கிடைப்பதால் வெளி மெமரிக்குப் போய்வருவது குறைகிறது, மின்சாரமும் குறைகிறது. இரண்டு தலைமுறைக்கும் அதே 28 நானோமீட்டர் தயாரிப்பு முறைதான். ஆகவே இந்த மிச்சம் வடிவமைப்பாளரின் உழைப்பால் வந்தது.

எல்லாச் சிக்கனமும் இப்படி நேர்மையானதல்ல. 2017இல் வந்த ஜிடி 1030 கார்டு, ஜிடிடிஆர்5 மெமரியுடன் விநாடிக்கு 48 ஜிபி தரவைக் கையாண்டது. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்ட கார்டும் கடைக்கு வந்தது. அதன் வேகம் 17 ஜிபியைக்கூடத் தொடவில்லை. பெயரை நம்பிப் பணம் கொடுத்தவருக்குச் செய்த அநியாயம் இது. 2022இல் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டிலும் ஒரு குறை உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் நான்கு தடங்களை மட்டுமே அது பயன்படுத்துகிறது. புது மதர்போர்டில் ஓரளவு சமாளிக்கும். பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 போர்டில் அந்த வழியும் பாதியாகிவிடும். மலிவுக் கார்டு தேடுபவரிடம் பெரும்பாலும் இருப்பது அந்தப் பழைய போர்டுதானே!

பழைய கம்ப்யூட்டருக்குக் கார்டு வாங்கப் போகும் நேயர்கள், பெட்டியில் எத்தனை ஜிபி என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டாதீர்கள். மெமரி எந்த வகை, எத்தனை பிட், தனி பவர் ஒயர் தேவையா, எத்தனை தடத்தில் இயங்குகிறது என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.